மஹர்க் கல்லின் ஊர்

மகள்,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் வைத்து நான் ஒரு வசனம் சொல்ல வேண்டும். பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று நிக்காஹ் செய்து கொடுப்பவனை வலீ என்கிறோம். உனக்கு அது நான்தான். ரிஸ்வானின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகளை இன்ன மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன்" என்று சபைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அந்த "இன்ன" என்ற இடத்தில் வரவேண்டியதை ரிஸ்வானின் வாப்பா நஸீர் ஹாஜியார் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார். மாப்பிள்ளை உனக்குத் தரும் மஹர்: இலங்கை நீலக்கல் பதித்த தங்க மோதிரம் ஒன்று. நான்கு நாட்களாக அந்தத் துண்டு என் சட்டைப்பையில் கிடக்கிறது. சட்டையை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கிறேன். அந்தக் கல் இலங்கைக் கல் இல்லை, மகள். அது மடகஸ்காரில் எடுத்தது. இலங்கைக் கல் என்று ஹாஜியாருக்கு விற்றவன் நான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். பல்கனியில் நின்றேன், கல்கிசைப் பக்கம் போகும் ரயில் ஒன்று போனது, திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிறகு தேத்தண்ணி கேட்டு குசினிக்குப் போனேன். "ஒரு இடத்தில இரிங்களே, ஊடு முழுக்க ஒங்கட காலடிச் சத்தம்தான்," என்று உன் உம்மா ஏசினாள். கல்யாண வீட்டில் பெண்ணின் வாப்பா இப்படித்தான் அலைவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ அடுத்த அறையில் இருக்கிறாய். உன் மச்சிமார் உன் கையில் மருதோண்டி வைப்பதற்கு மாதிரி பார்த்துச் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. கதவைத் தட்டினால் பத்து அடி தூரம். அந்தப் பத்து அடியை நடக்க முடியாமல்தான் எழுதுகிறேன். கல்லைப் பற்றி என்றால் வாயை மூடாத மனுஷன், உன் முகத்துக்கு முன்னால் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லப் பயப்படுகிறேன். நீ கல்லைச் சோதித்துக் கையெழுத்து வைக்கிற வேலை பார்க்கிறாய். உன் கண் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு மூன்று வயது இருக்கும். மடகஸ்காரின் தெற்கில் ஆளில்லாத புல்வெளியில் நீலக்கல் கிடைக்கிறது என்று செய்தி வந்து, இங்கிருந்த கல் வியாபாரிகள் பாதிப்பேர் விமானம் ஏறினார்கள். நானும் போனேன். செம்மண் புழுதி, தகரக் கொட்டில்கள், ஆற்றில் வரிசையாக நின்று சரளை அரிக்கிற சனம். எங்களோடு இரத்தினபுரியிலிருந்து வந்த பியசேன அய்யே என்ற பழைய கல் குழிக்காரர் ஒருவர் இருந்தார். கல் கிடைக்கிற சரளை அடுக்கை நாங்கள் இல்லம் என்போம். அது எப்படி இருக்கும் என்று அவருக்குக் கையால் தடவியே தெரியும். முதல் நாள் குழியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கழுவி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். நீலக்கல்லோடு கூடவே வருகிற சின்னச் சின்னக் கல்லெல்லாம், நம் ஊரில் வருகிற அதே கூட்டம், அங்கேயும் வந்திருந்தது. மனுஷன் என் பக்கம் திரும்பி, "மே அப்பே இல்லம்னே, முதலாளி," என்றார். சிங்களத்தில், இது நம்முடைய இல்லம்தானே என்று. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். காரணம் தெரியாத சிரிப்பு அது. கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து நம் வீட்டு முற்றத்தைக் கண்ட மாதிரி இருந்தது. இரவில் நித்திரை வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் வாங்கியதில் ஒரு கல் மட்டும் தனி. பட்டை தீட்டி வந்த பிறகு அதை விற்க எனக்கே மனமில்லை. ஒரு நாள் காலையில் ஹாஜியார் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். உனக்குத் தெரியும், நீலக்கல்லைக் காலை வெளிச்சத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலில்தான் பார்ப்போம். வெயில் ஏறினால் எந்தக் கல்லும் தன்னை அழகாகக் காட்டும். அவர் கல்லை இரண்டு விரல் இடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கல் வியாபாரி இல்லை, இரும்புச் சாமான் கடைக்காரர். ஆனால் ரசனை உள்ள மனுஷர். "ரத்தினபுரியா?" என்று கேட்டார். நான் ஓம், ஆமாம் என்று சொல்லவில்லை, மகள். அதை வைத்து எத்தனை வருடம் எனக்கு நானே வக்கீலாக நின்றிருக்கிறேன். நான் சொன்னது இரண்டு சொல். "வேற எங்க?" என்றேன். அவ்வளவுதான். அவர் தலையாட்டினார், கடதாசி எதுவும் கேட்கவில்லை, என் வாயே போதும் என்று எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "ஏன்ட மகன்ட நிக்காஹ்வுக்கு வைக்கிறன்," என்றார். கூட வந்திருந்த ரிஸ்வானுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வாசலில் அவனுடைய சப்பாத்து ஒன்று கழன்று கிடந்தது.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். விலைக்காக என்று சொன்னால் அது பாதி. இலங்கைக் கல் என்றால் அதற்கு ஒரு மதிப்பு, மடகஸ்கார் என்றால் அந்த நாட்களில் முகத்தைச் சுளிப்பார்கள். மற்றப் பாதி இன்னும் வெட்கக்கேடு. என் வாப்பா காலமெல்லாம் இரத்தினபுரிக் கல் விற்ற மனுஷர், அவருடைய மகன் ஆபிரிக்காவுக்குப் போய்ச் சரளை அரித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று ஹாஜியார் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். ஒரு கூச்சத்துக்காகச் சொன்ன பொய்க்கு வயது இருபத்தைந்து.

நீ மண்ணியல் படிக்கப் போனதற்கு எது காரணம் என்று சனம் கேட்டால் நான் பெருமையாக என்னைக் காட்டுவேன், கல் வியாபாரியின் பிள்ளை என்று. அது சரியில்லை. காரணம் கடல். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்வாங்கிவிட்டது என்று சனம் ரயில் பாதையைத் தாண்டி ஓடியபோது, உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். வெள்ளவத்தையில் நான் பிறந்த நாளிலிருந்து ஒரு போதும் காணாத பாறைகள் வெளியே தெரிந்தன. கல் பைத்தியம் பிடித்த உன் வாப்பா என்ன செய்தான் தெரியுமா? கீழே இறங்கிக் குனிந்து கடலடிக் கல் ஒன்றைப் பொறுக்கினான். ஏழு வயது உனக்கு. நீ என் சாரத்தைப் பிடித்து இழுத்தாய். "வாப்பா, போவோம், எனக்கு இது புடிக்கல்ல," என்று அழுதாய். உன் அழுகை பொறுக்காமல்தான் ஏறினேன், புத்தி வந்து ஏறவில்லை. நாங்கள் காலி ஊருக்குப் போகும் பெரிய வீதியை, காலி வீதியை, அடையும்போது தண்ணீர் ரயில் பாதைக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கால் ஓரிடத்தில் நிற்காது. பிறகு மாதக்கணக்காக நீ கேட்டாய், ஏன் கடல் அப்படிச் செய்தது என்று. அல்லாஹ்வின் நாட்டம் என்றேன். "அது சரி வாப்பா, ஆனா எப்பிடி?" என்றாய். அந்த "எப்படி"யைத் தேடிக்கொண்டுதான் நீ படிக்கப் போனாய்.

போகவும் நான் விடவில்லை என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழக விடுதி, மலையில் சுத்தியலோடு அலைச்சல், குழிக்குள் இறங்குவது, இதெல்லாம் பெண் பிள்ளைக்கு எதற்கு என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள், உன்னோடு பேசாமல் இருந்தேன். கல் தோண்டுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பெரிய சட்டம் பேசினேன். உன் உம்மாதான் ஒரு நாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "கல்ல விக்கியது மட்டும் ஒங்களுக்கு, அது எங்கீந்து வந்ததெண்டு படிக்கிய உரிம அவளுக்கு இல்லயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு வேறு இடத்தில் குத்தியது. உடனே சம்மதித்துவிட்டேன். வாப்பா மனம் இளகிவிட்டார் என்று நீ சந்தோஷப்பட்டாய்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது மேசையில் வைத்து நீ எனக்குப் பாடம் எடுத்தாய். நான் கல் மடிக்கிற வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நடுவால் கிழித்தாய்; நல்ல தாளைக் கிழிக்கிறாய் என்று நான் கத்தினேன். கிழிந்த இரண்டு துண்டையும் மேசையில் சேர்த்து வைத்தாய். இது நாங்கள், இது மடகஸ்கார் என்றாய். பக்கத்தில் இந்தியா, அந்தப் பக்கம் ஆபிரிக்கா, கீழே இன்றைக்கு ஐஸால் மூடிக் கிடக்கிற அந்தாட்டிக்கா, எல்லாம் ஒட்டிக் கிடந்த ஒரே பெரிய நிலம், அதற்குக் கொண்டுவானா என்று பெயர் என்றாய். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன் நிலத்துண்டுகள் வந்து மோதி அந்தப் பெரிய நிலம் ஒட்டியபோது, மோதிய இடத்தில் மலை எழும்பி, அதன் அடியில் பாறை வெந்ததாம். அந்த வேக்காட்டில்தான் நம் நீலக்கல்லும் உருவானது, அவர்களுடையதும் உருவானது. "ஒரே சட்டியில வெந்தது வாப்பா," என்றாய். பியசேன அய்யேயின் உள்ளங்கை எனக்கு முன்னால் வந்து நின்றது. சரளையில் கண்ட அந்தக் கூட்டத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது, அதுவும் என் மகளின் வாயிலிருந்து.

நீ நிறுத்தவில்லை. நிலம் உடைந்தது, துண்டுகள் பிரிந்தன, இடையில் கடலின் அடி பிளந்து புதுப்பாறை ஊறி ஊறித் தள்ளியது என்று சொன்னாய். ஏறக்குறைய ஒன்பது கோடி வருடங்களுக்கு முன் இந்தியாவும் நாமும் மடகஸ்காரை விட்டுப் பிரிந்து வடக்கே ஓடியதை, மற்றக் கண்டங்கள் ஆறுதலாக நடக்கும்போது நம்மைச் சுமக்கிற நிலத்தகடு ஓட்டம் பிடித்ததை, போய் ஆசியாவில் மோதி இமயமலையை மடித்து எழுப்பியதைச் சொன்னாய். இன்னும் நிற்கவில்லையாம், போய்க்கொண்டே இருக்கிறதாம். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். நகத்தில் வைத்த மருதோண்டி நுனிக்கு ஏறுகிற வேகம் என்று உன் உம்மாவின் விரலைக் காட்டினாய். அந்தத் தகடுதான் சுமாத்திராப் பக்கம் இன்னொரு தகட்டுக்கு அடியில் போகிறது. போகிற வழியில் இறுகி நிற்கும், நூறு இருநூறு வருடம் அசையாமல் நிற்கும், பிறகு ஒரு காலையில் விட்டுக்கொடுக்கும், அன்றைக்கு வந்த கடல் அதுதான் என்றாய். கண்டங்கள் நகர்ந்தன என்று முதலில் விரிவாக எழுதியவர் வானிலை ஆராய்ந்த ஒரு ஜெர்மன்காரர், கரைகளும் பாறைகளும் பொருந்துவதைக் காட்டியும், எது தள்ளியது என்று அவரால் சொல்ல முடியாததால் பெரிய படிப்பாளிகள் பலர் சிரித்தார்கள் என்றும் சொன்னாய். எங்கள் பியசேன அய்யேயிடம் ஒரு பிடி சரளையைக் கொடுத்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும் என்று நான் பகடி விட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "அப்ப இந்தக் கல்லும் அந்தக் கல்லும் ஒண்டுதானே?" என்று கேட்டேன். சும்மா கேட்பவனைப் போல, தாள் துண்டைத் தடவிக்கொண்டு கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்து, "ஒண்டா ஈந்தது வாப்பா. இப்ப ஒண்டில்ல," என்றாய். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். உன் பாடத்தை எனக்கு ஒரு பத்வாவாக, மார்க்கத் தீர்ப்பாக ஆக்கிக்கொண்டேன். ஒரே நிலம், ஒரே வேக்காடு, கடல் பிறகு வந்தது, பெயர் அதற்கும் பிறகு வந்தது, ஆகவே நான் சொன்னது பொய்யில்லை. எத்தனை லேசாக இருந்தது தெரியுமா! பல வருடம் இந்த நியாயத்தில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்கிறவனுக்கு அறிவு கிடைத்தால் அவன் முதலில் செய்வது இதைத்தான், மகள். உன் படிப்பை நான் மதித்த ஒரே விதம் இப்படி அமைந்துவிட்டது.

பிறகு ஹாஜியார் உன்னைக் கேட்டு வந்தார். உனக்கும் ரிஸ்வானுக்கும் விருப்பம் என்று தெரிந்ததும் உன் உம்மா அன்றைக்கே வட்டிலப்பம் செய்தாள். நான் மட்டும் இரண்டு மாதம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். பையனுக்குக் கோபம் வருமாம் என்றேன், இரும்புக் கடையில் புழுதி என்றேன், கொட்டாஞ்சேனையில் பார்க்கிங் இல்லை என்றுகூட ஒரு நாள் சொன்னேன். நீ அறையைப் பூட்டிக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும். "ரிஸ்வான்ல என்ன குற கண்டீங்க, செல்லுங்க வாப்பா," என்று என் முன்னால் வந்து நின்றாய். ஒரு குறையும் இல்லை. அவன் என்னைவிட நேர்மையான பிள்ளை, அது ஒன்றுதான் எனக்கு இடைஞ்சல். அந்த வீட்டுக்கு நீ போனால் அந்தக் கல் உன் கைக்கு வரும் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. உன்னை அழவைத்தது என் பழைய இரண்டு சொல். இதை நீ மன்னிக்கக் கஷ்டப்படுவாய் என்று நினைக்கிறேன், கல்லைவிட இதை.

போன மாதம் ஒரு சின்னத்தனமும் செய்தேன். நீ வேலை முடிந்து வந்து சாப்பிடும்போது, மடகஸ்கார் நீலத்தையும் நம் நீலத்தையும் உங்கள் மெஷின் பிரித்துச் சொல்லுமா என்று கேட்டேன். சில கல்லில் முடியும், சில கல்லில் ஒரு ஆய்வுகூடம் ஒன்று சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும், அவ்வளவு ஒற்றுமை என்றாய். என் மனம் துள்ளியது. அப்படியென்றால் நீகூடக் கண்டுபிடிக்காமல் போகலாம்! நான் மௌத்தாகும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். துண்டு கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது, மெஷின் சொல்லாவிட்டாலும் அந்த வசனத்தைச் சொல்லப் போகிற வாய் என்னுடையது. ஹாஜியாரிடம் அன்றைக்குக் கேள்வியாகச் சொல்லித் தப்பினேன். வெள்ளிக்கிழமை அதை முழு வசனமாக, பள்ளிக்குள் நின்று, உன் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே உனக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது, நான் பின்பற்றாதது. ரிஸ்வான் ஏதாவது கேட்டால், எங்கே போனாய், யாரோடு கதைத்தாய், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று எதைக் கேட்டாலும், கேள்வியால் பதில் சொல்லாதே. பதிலைச் சொல். பிடிக்காவிட்டால் சண்டை பிடி, அதே நாளில் முடியும். சொல்லாமல் வைத்தது இறுகி நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான்.

இங்கே பேனையை வைத்துவிட்டு இவ்வளவையும் வாசித்துப் பார்த்தேன். மகள், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கடிதத்தை நீ வாசித்ததும், கோபத்தோடோ அழுகையோடோ, நீயே ரிஸ்வானிடம் சொல்லிவிடுவாய். அவன் வாப்பாவிடம் சொல்வான். நான் பின்னால் வந்து தலையைக் குனிந்து நின்றால் போதும். உன்னை முன்னால் விட்டு ஒளியப் பார்க்கிறேன். கடலில் இருந்து என்னை இழுத்துக்கொண்டு ஏறியதும் நீதான், இதிலிருந்தும் நீயே இழுக்க வேண்டும் என்று இருக்கிறேன். போதும். சட்டையைப் போடுகிறேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழுதுகிறேன். காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சீட் இருந்தும் உட்காரவில்லை. ஹாஜியார் கடைக்குப் பின்னால் வீட்டு மண்டபத்தில் விருந்துக்கு வருகிற ஆட்களின் பட்டியலை வைத்துக்கொண்டிருந்தார். "என்ன இந்த நேரத்தில? சாப்பாட்டு விசயமா?" என்று கேட்டார். கல் விஷயம் என்றேன். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். நின்றால்தான் வாய் வந்தது. எல்லாம் சொல்லி முடிய எவ்வளவு நேரமானது என்று தெரியாது, தெருவில் ஓட்டோக்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அவர் உள்ளே போய் மோதிரப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திறக்கவில்லை.

"அண்டக்கி நான் கேட்டன்தானே, ரத்தினபுரியாண்டு."

"கேட்டீங்க."

"நீங்க என்னத்த செல்லினீங்க?"

"வேற எங்கண்டு."

"எனக்கு நல்லா ஞாபகம் ஈக்கிது. ஊட்டுக்கு வந்து ரிஸ்வான்ட உம்மாக்கிட்டயும் அப்பிடியே செல்லினன். அவ மௌத்தாகும் வரைக்கும் வார ஆள்கள்ட எல்லாம் ரத்தினபுரிக் கல்லெண்டு காட்டினா."

எனக்கு அது ஞாபகத்துக்கே வந்திருக்கவில்லை, மகள். அந்தப் பெண் என் வாக்கை நம்பி அலுமாரியைத் திறந்து திறந்து காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை. உன் ஒன்பது கோடி வருடம், ஐம்பத்தைந்து கோடி வருடம், ஒரே நிலம், ஒரே வேக்காடு எல்லாம் என் தொண்டை வரை வந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றையும் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் நீ என்னை மெச்சலாம்.

கடைசியில் அவர் சொன்னார், "மடகஸ்காரெண்டு செல்லீந்தாலும் நான் வாங்கீப்பன். அவ்வளவு வடிவான கல்லு." அடித்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். பிறகு, "துண்ட தாங்க," என்றார். சட்டைப்பையிலிருந்து கொடுத்தேன். இலங்கை என்ற சொல்லுக்கு மேலால் ஒரு கோடு போட்டு, பேனையை என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதுங்கோ. வெள்ளிக்கிழம வாசிக்கியதும் நீங்கதான். சத்தமா வாசிங்கோ," என்றார். நிக்காஹ் நடக்குமா என்று கேட்டேன். "புள்ளகள்ட விசயம் வேற. நம்மட விசயம் வேற," என்றார். வாசல்வரை வரவில்லை. முப்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து தேத்தண்ணி குடிக்காமல் வந்தது இன்றைக்குத்தான்.

இப்போது துண்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, என் கையெழுத்தில் ஊர்ப் பெயரோடு. இரண்டையும் உன் கதவின் கீழால் தள்ளப் போவதில்லை, உன் கையில் தருவேன். ரிஸ்வானுக்கும் வாசிக்கக் கொடு. கல் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. நிக்காஹ்வுக்கு முன் வலீ வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும், மஹர் இன்னது என்றும் சொல்ல வேண்டும். மஹர் உன் உரிமை. அந்தக் கல் வேண்டாம், வேறு கொண்டுவா என்று நீ சொன்னால், ரிஸ்வானிடம் போய் அதைச் சொல்கிற கூச்சமும் என்னுடையதாகவே இருக்கட்டும். அணிந்துகொள்வேன் என்றால், தெரிந்துகொண்டு அணிந்துகொள். ஒன்றாக இருந்தது, இப்போது ஒன்றில்லை என்று அன்றைக்கு நீ சொன்னாயே, அதன் மற்றப் பாதி எனக்கு இன்றைக்குத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை நான் வந்து உன் முன்னால் உட்காருவேன். மருதோண்டி சிவந்திருக்கும், உன் மச்சிமார் சுற்றி நிற்பார்கள், நான் தடுமாறுவேன். நீ அவசரப்பட்டுச் சம்மதம் சொல்லிவிடாதே. கல் எந்த ஊர் என்று முதலில் கேள், மகள். இந்த முறை ஊரின் பெயரைச் சொல்வேன்.

உன் வாப்பா